கீரை விளைந்துவிட்டது, சோறு?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பர் 30ஆம் தேதி இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. இரண்டு செயற்கைக்கோள்களை விண்ணில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதற்காகப் போன ராக்கெட் அது. வேலை முடிந்த அதன் கடைசி அடுக்கை வீணாக்காமல், சுற்றுப்பாதையிலேயே வைத்து ஆய்வு மேடையாகப் பயன்படுத்தினார்கள். அந்த மேடையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் எட்டு காராமணி விதைகள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த பெட்டி அது. நான்கு நாளில் விதை முளைத்தது, அப்புறம் இலையும் விட்டது.

நான் பயிர் வினையியல் பாடம் நடத்தியவன். அதனால் அந்த வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இனிமே நிலாவுல விவசாயந்தானே சார்?"

முளைப்பது வேறு, விளைவது வேறு. காராமணி விதை தனக்கு வேண்டிய முதல் சாப்பாட்டை இரண்டு பருப்பிலும் கட்டிக்கொண்டுதான் வருகிறது. ஈரமும் காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பும் கிடைத்தால் போதும், இருட்டு அறையில் ஈரத்துணிக்குள்ளேயே முளைக்கும். இஸ்ரோ சோதிக்க வந்ததும் மகசூலை அல்ல. மூடிய பெட்டிக்குள் வெப்பம், ஈரம், ஆக்சிஜன், கரியமில வாயு இவற்றையெல்லாம் நாம் நினைத்தபடி வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதைத்தான். முடிகிறது. அது நல்ல தொடக்கம். 2019 ஜனவரியில் சீனாவின் சாங்கே-4 கலத்தில் நிலவுக்குப் போன பருத்தி விதையும் முளைக்கத்தான் செய்தது. ஆனால் நிலவில் ஓர் இரவு என்பது நம் கணக்கில் 14 நாள். அந்தக் குளிரில் முளை செத்துப்போயிற்று.

சரி, விளைச்சல் என்று சொல்லத்தக்க அளவுக்கு யாராவது விளைவித்துக் காட்டியிருக்கிறார்களா? காட்டியிருக்கிறார்கள், ஆனால் விண்வெளியில் இல்லை. அண்டார்டிகாவில். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை அதுதான்.

ஜெர்மனிக்கு அங்கே நொய்மையர்-3 என்று ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் பத்துப் பேர் அளவில்தான் தங்குவார்கள். மாதக்கணக்கில் கப்பல் வராது, விமானம் வராது. ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே உதிக்காது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி. ஜெர்மன் விண்வெளி மையம் 2018 தொடக்கத்தில் அங்கே ஒரு கண்டெய்னர் பசுமைக்குடிலைக் கொண்டுபோய் வைத்தது. அதற்கு ஈடன் ஐ.எஸ்.எஸ். என்று பெயர். நிலையத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி வைத்தார்கள். பவுல் சாபெல் என்ற பொறியாளர் ஓராண்டு அங்கேயே தங்கித் தோட்டக்காரராக வேலை பார்த்தார். பனிப்புயல் இல்லாத நாளில் அந்த 400 மீட்டரையும் நடந்தே போவார். நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் செடிகளோடு வேலை.

அந்தக் குடிலில் மண் கிடையாது. வேர்கள் ஒரு தட்டுக்குள் காற்றில் தொங்கும். சத்துக் கரைத்த நீரைப் பனித்துளி போல அவ்வப்போது தெளிப்பார்கள். வெளிச்சம் எல்.இ.டி. விளக்கிலிருந்து வரும். காற்றில் கரியமில வாயுவைச் சற்றுக் கூட்டி வைப்பார்கள். இலைகள் வெளியே விடும் ஈரத்தைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி மறுபடி வேருக்கே அனுப்புவார்கள். ஏப்ரலில் முதல் அறுவடை: 3.6 கிலோ சாலட் கீரை, 18 வெள்ளரி, 70 முள்ளங்கி. அந்த ஓராண்டு முடிவில் 12.5 சதுர மீட்டரில் மொத்தம் 268 கிலோ. அதில் சாலட் கீரை மட்டும் 117 கிலோ, வெள்ளரி 67, தக்காளி 50. ஒரு சின்னப் படுக்கையறை அளவு இடத்தில் இவ்வளவு எடுத்தார்கள் என்றால், எந்த விவசாயியும் எழுந்து நின்று பார்ப்பார்.

இப்போது ஒரு மனக்கணக்குப் போடுவோம். தாளும் பேனாவும் தேவையில்லை.

வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். சாலட் கீரையும் அப்படித்தான். அந்த 268 கிலோவிலும் இருக்கும் உணவு ஆற்றலைக் கூட்டினால் சுமார் 45,000 கலோரி வருகிறது. உழைக்கும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,500 கலோரி வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு ஆளுக்குப் பதினெட்டு நாள் சாப்பாடு. பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு நாளைக்கு வராது. இதே ஆற்றல் 13 கிலோ அரிசியில் இருக்கிறது.

சோதனை தோற்றுவிட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் டப்பா உணவின் நடுவே நறுக்கென்று கடிக்க ஒரு வெள்ளரி கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மருத்துவக் காரணமும் உண்டு. செவ்வாய்க்குப் போய்த் திரும்ப மூன்று ஆண்டு அளவில் ஆகும். அத்தனை நாள் கட்டிவைத்த உணவில் வைட்டமின் சி-யும் பி-1-உம் தேய்ந்துபோகும். பச்சைக் காய் அதை ஈடுகட்டும். ஆனால் குடியிருப்பு என்று ஒன்று வந்து, ஆட்கள் அங்கேயே தங்கி, பூமியிலிருந்து மூட்டை வராமல் வயிறு நிரம்ப வேண்டும் என்றால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதுவரை விண்வெளி விவசாயம் என்று நாம் கைதட்டியதில் பெரும்பகுதி கீரை. 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மூன்று வீரர்கள் தாங்கள் வளர்த்ததைத் தின்று காட்டியதும் சிவப்பு நிறச் சாலட் கீரைதான். சோறு எங்கே?

சோற்றுக்கான முயற்சி பழையது. ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் பல்கேரியர்கள் செய்துகொடுத்த ஒரு சின்னப் பசுமைக்குடில் இருந்தது. 1996இல் அதில் குட்டை ரகக் கோதுமை விதைத்தார்கள். பயிர் நன்றாக வளர்ந்தது. கதிர் விட்டது, ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில். பூமிக்குக் கொண்டுவந்து பிரித்தால் ஒரு கதிரிலும் மணி இல்லை. அத்தனையும் பதர்.

ஈர்ப்பு விசை இல்லாததால் மகரந்தம் கெட்டுவிட்டதா என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். உண்மைக் காரணம் எத்திலீன். வாழைத்தாரைப் பழுக்கவைக்கிறதே, அதே வாயு. மூடிய நிலையத்தில் அது வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கோதுமைப் பூ மலடாகும். பிறகு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அப்போஜி என்ற முழங்கால் உயர ரகத்தை அனுப்பினார்கள். 1999இல் மிர் நிலையத்திலேயே மணி பிடித்தது. திறந்த வயலில் காற்று நமக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலை எவ்வளவு என்பது, காற்றை அடைத்துப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

அதே யூட்டாவில் புரூஸ் பக்பி, ஃபிராங்க் சாலிஸ்பரி என்ற இருவர் 1980களில் வேறொரு கேள்வி கேட்டிருந்தார்கள். கோதுமைக்கு எதிலும் குறை வைக்காமல் எல்லாம் கொடுத்தால் எவ்வளவுதான் விளையும்? தண்ணீர், சத்து, கரியமில வாயு எல்லாம் வேண்டிய மட்டும். வெளிச்சம் உச்சிவெயில் அளவு, அதுவும் நாளைக்கு 20 மணி நேரம். சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் தானியம் கிடைத்தது. நம் நாட்டு வயலில் ஹெக்டேருக்குச் சராசரி மூன்றரை டன் என்றால், பருவம் முழுவதற்கும் பங்கிட்டால் நாளைக்கு 3 கிராம்தான் வரும். இருபது மடங்கு! அந்தக் கணக்கில் ஓர் ஆளுக்கு 13 சதுர மீட்டர் போதும். ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு.

கேட்க இனிக்கிறது. ஆனால் விளக்குக்கு யார் காசு கொடுப்பது? இன்றைக்குக் கிடைக்கும் நல்ல எல்.இ.டி.யைப் போட்டாலும் அந்த வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 650 வாட் ஆகும். 13 சதுர மீட்டருக்கு எட்டரை கிலோவாட். 20 மணி நேரம் எரித்தால் 170 யூனிட். ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். நிலவில் வைப்பதற்கென்று 2022இல் நாசா வடிவமைக்கச் சொன்ன அணு உலை 40 கிலோவாட். அதைக் கோதுமைக்கே முழுதாகக் கொடுத்துவிட்டாலும் நாலு பேர்தான் சாப்பிடலாம். மூச்சுவிட, தண்ணீர் சுத்தம் செய்ய, வேறு வேலைக்கு மின்சாரம் கிடையாது. அந்த வெளிச்சம் கடைசியில் எல்லாம் வெப்பமாகும். அதையும் வெளியேற்ற வேண்டும். அங்கே ஜன்னலைத் திறந்துவிட முடியாது.

அப்படியென்றால் சூரிய ஒளியையே பயன்படுத்தலாமே என்பீர்கள். படங்களில் எல்லாம் செவ்வாயில் கண்ணாடிக் கூடாரம், உள்ளே பச்சைப்பசேல் என்று வரைகிறார்கள். அந்தப் படங்களை நான் நம்புவதில்லை. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளே பூமியைப் போன்ற காற்றை அடைத்தால் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன் விசை வெளியே தள்ளும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ஐந்து டன். இதோடு அண்டக் கதிர்வீச்சு இருக்கிறது, இரவின் கடுங்குளிர் இருக்கிறது, தூசிப்புயல் இருக்கிறது. 2018இல் கிரகம் முழுவதையும் மூடிய புயல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் சூரியத் தகட்டுக்கே வெளிச்சம் கிடைக்காமல் செய்து அதை முடித்துவிட்டது. நல்ல நாளிலும் அங்கே விழும் வெயில் நமக்கு விழுவதில் பாதிகூட இல்லை. ஆகவே அங்கே அமையப்போகும் பசுமைக்குடில் பெரும்பாலும் மண்ணுக்கடியில் விளக்கெரியும் ஒரு நிலவறையாகத்தான் இருக்கும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த நிலவு மண்ணில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் 2022இல் ஒரு சிறு கடுகினச் செடியை வளர்த்துக் காட்டினார்கள். முளைத்தது, ஆனால் வேர் குன்றி, செடி வாடலாகத்தான் இருந்தது. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது. அது உடலுக்குள் போனால் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். தொடக்கக் காலத்தில் மண்ணே வேண்டாம், நீரே போதும் என்பதுதான் என் கட்சி.

மண்ணில் பண்ணிப் பார்த்தவர்கள் பட்ட பாடும் தெரிந்ததுதான். 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர்-2 என்ற கண்ணாடி மாளிகைக்குள் எட்டுப் பேர் போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு. உள்ளே விளைநிலம் ஏறத்தாழ 50 சென்ட், அதாவது ஆளுக்கு ஆறு சென்ட். நெல், கோதுமை, வாழை, நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டார்கள். தங்கள் உணவில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு விளைவித்தும் காட்டினார்கள். உடம்பு இளைத்தது, பசி விடாமல் இருந்தது. வள்ளிக்கிழங்கைத் தின்று தின்று சிலருக்குத் தோலே மஞ்சள் பாய்ந்தது. விளக்கு இல்லாமல் வெயிலை நம்பியவர்கள் என்பதால், மேகம் கூடிய ஆண்டில் விளைச்சலும் விழுந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் மூச்சில் வந்தது. 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 14 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நாலாயிரம் மீட்டர் மலையில் வேலை செய்வது மாதிரி. செழிப்பாக இருக்கட்டும் என்று போட்ட தொழுவுரம் நிறைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தன. அவை விட்ட கரியமில வாயுவைப் புதுக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டதால், செடிக்கு அது திரும்பிப் போய் ஆக்சிஜனாக மாறவும் வழியில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. அதை ஏளனம் செய்தவர்கள் ஏராளம். சுவர் செய்த அந்த வேலை இந்தச் சோதனையில் தெரியவராமல் இருந்திருந்தால், செவ்வாயில் போய்க் கண்டுபிடிக்க நேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே வைக்கோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யூட்டா கோதுமையில் தானியம் 60 கிராம் என்றேன். மொத்தப் பயிர் எடை 138 கிராம். பாதிக்கு மேல் தாளும் வேரும். ஊரிலென்றால் மாட்டுக்குப் போடுவோம். அங்கே மாடு கிடையாது. மக்கவைத்தாலும் எரித்தாலும், அந்தத் தாள் வளரும்போது செடி வெளியிட்ட ஆக்சிஜன் அத்தனையும் திரும்பப் போய்விடும். மக்கவைக்காமல் குவித்தால் அதிலிருக்கும் சத்து அடுத்த பயிருக்குக் கிடைக்காது. மனிதச் சிறுநீரிலும் நைட்ரஜன் நிறைய இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் மெலிசா திட்டம் பார்சலோனாவில் வைத்திருக்கும் ஆலையில், பாக்டீரியாவை வைத்து அதைப் பயிர் உண்ணும் நைட்ரேட்டாக மாற்றும் வழியைப் பல ஆண்டாகச் செப்பனிட்டு வருகிறார்கள். ஆனால் சிறுநீரோடு சோற்றுப்பும் வருகிறது. சுற்றிச் சுற்றி அதே தண்ணீர் என்றால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். உவர்நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் பார்த்துவிட்டு, என்ன பயிரை அனுப்பலாம் என்று என்னைக் கேட்டால் நெல்லையும் கோதுமையையும் முதலில் சொல்ல மாட்டேன். நெல்லென்றால் உமி நீக்க வேண்டும், தவிடு வரும், வைக்கோல் மிஞ்சும். எனக்குச் சர்க்கரைவள்ளிதான் முதல். கிழங்கில் மாவுச்சத்து, இலையும் கொடிநுனியும் கீரை; தூக்கிப்போடுவது மிகக் குறைவு. கோதுமை அளவுக்கு வெளிச்சமும் கேட்காது. விதைக்காகப் பூவை நம்பி நிற்க வேண்டாம், ஒரு துண்டுக் கொடியை நட்டால் போதும். மிர் நிலையத்துப் பதர்க் கதை இதில் வராது. அமெரிக்காவின் டஸ்கீகி பல்கலைக்கழகம் இதை மண்ணில்லாமல் நீரோட்டத்திலேயே கிழங்கு வைக்கச் செய்து காட்டியிருக்கிறது. இரண்டாவது காராமணி. இலை, பிஞ்சு, பயறு மூன்றும் வாய்க்கு வரும், புரதமும் கிடைக்கும். எண்ணெய்க்கு என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் இழுபறி. 1970களில் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்கில் பயோஸ்-3 என்ற மூடிய கூடத்தில் ரஷ்யர்கள் கோரைக் குடும்பத்துக் கிழங்கு ஒன்றை எண்ணெய்க்காக வளர்த்தார்கள். நிலக்கடலையைவிட அது இடத்தை மிச்சப்படுத்துமா என்று நம் கல்லூரி மாணவர் யாராவது ஒரு பருவம் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம்.

எட்டு விதைப் பெட்டியை அடுத்து இஸ்ரோ பெரிதாக்கும்போது, இலை வரும் வரை வைத்து நிறுத்தாமல், காராமணியைப் பூக்கவிட்டு, காய்க்கவிட்டு, அந்தக் காயின் விதையை அங்கேயே மறுபடி முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பெட்டி உயிரோடு இருக்க வேண்டும், எத்திலீனை வடிகட்ட வேண்டும், பூவுக்குள் மகரந்தம் சேர்கிறதா என்று கவனிக்க வேண்டும். செலவு கூடும். ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் அந்தக் காயில்தான் இருக்கிறது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.