வாக்கை நம்பி வந்த மாடுகள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மனிதன் கிரியைகளினால், அதாவது தன் செயல்களினால் அல்ல, விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று வேதாகமத்தில் பவுல் எழுதினார். கிரியைகள் இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதினார். இவ்விரண்டும் முரண்படுகின்றனவா என்று சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டன. 1999-இல்தான் கத்தோலிக்கரும், மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன் சபையாரும், நற்கிரியை மீட்புக்குச் செலுத்தும் விலையன்று, அதன் கனியே என்று கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள்.

யாக்கோபு காட்டும் உதாரணம் மிக எளியது. உடுக்கத் துணியும் அன்றாட உணவும் இல்லாத ஒருவரிடம், தேவையானதைக் கொடுக்காமல், பசியாறுங்கள் என்று வாழ்த்தி அனுப்புவதால் பயன் என்ன என்று அவர் கேட்கிறார். அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் நெல்லும் வாழைத்தாரும் குவிக்கும் நாம், ஐப்பசி அடைமழையில் நடவும் களையெடுப்பும் ஓய்ந்து, கூலியின்றி இருக்கும் குடும்பத்தின் அடுப்பை நினைக்கிறோமா என்பதே எனக்கு அந்தக் கேள்வியின் பொருள்.

விசுவாசம் ஒன்றே போதும் என்று போதித்த லுத்தரன் மரபிலிருந்து, 1750-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து சேர்ந்த போதகர் சுவார்ட்ஸ் ஐயர். 1781-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் நாடு பாழாகி, தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தார்கள். கிராமங்களில் தானியம் இருந்தது. ஆனால் அதை ஏற்றிவர மாடுகள் இல்லை. முன்பு கொடுத்ததற்கே பணம் வராத குடியானவர்கள், தஞ்சை அரசரையோ ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியையோ நம்பி மாடுகளை அனுப்ப மறுத்தார்கள். பணத்துக்கு நானே பொறுப்பு என்று ஐயர் சொன்ன பிறகு, ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது.

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் கடவுள்மேல் நாம் வைப்பதையும், பிறர் நம்மேல் வைப்பதையும் குறிக்கிறது. ஐயருடைய வேதத்தை ஏற்காத குடியானவர்களும் அவருடைய வாக்கை ஏற்றார்கள். முற்றுகை அபாயம் நீங்கியதும் அவர் செய்த காரியம், சொன்னபடி அவர்களுக்குப் பணம் கொடுத்து, சிறு அன்பளிப்பும் சேர்த்து, ஊருக்கு அனுப்பி வைத்ததுதான்.