பாரி நகரத்து இசை ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

'தி காட்ஃபாதர்' படத்தின் தொடக்கத்தில், இருண்ட திரையின் மேல் ஒற்றை ட்ரம்பெட் ஒலிக்கும். துணைக்கு வேறு வாத்தியம் கிடையாது. இத்தனை ரத்தம் சிந்தப்போகும் கதைக்கு இவ்வளவு சோர்ந்த, தனிமையான ஒரு வால்ட்ஸ் மெட்டை, மூன்று தட்டுத் தாளத்தில் சுழலும் நடன மெட்டைப் போடத் தோன்றியதே, அந்த மனத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் நினோ ரோட்டா.

1911 டிசம்பர் 3 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தாய்வழித் தாத்தா ஜொவான்னி ரினால்தி பியானோ கலைஞர், இசையமைப்பாளர். பேரன் 11 வயதிலேயே திருமுழுக்கு யோவானின் குழந்தைப்பருவத்தைப் பற்றிப் பாடகர் குழுவும் வாத்தியக்குழுவும் சேர்ந்து இசைக்கும் ஒரு பெரிய படைப்பை எழுதினான். 1923-இல் அது மிலானில் அரங்கேறியது. பிறகு ரோமில் இசையமைப்பாளர் அல்ஃப்ரெதோ கசெல்லாவிடம் பயின்றார். இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் யோசனைப்படி அமெரிக்கா போய், பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். திரும்பி வந்து மிலானில் இலக்கியப் பட்டமும் பெற்றார்.

இப்படிப்பட்ட ஒருவர் முழுநேரமாகச் சினிமாவுக்குப் போய்விட்டார் என்று நினைப்போம். அவர் போனது தெற்கு இத்தாலியின் துறைமுக நகரமான பாரிக்கு. 1939 முதல் அங்குள்ள இசைக் கல்லூரியில் ஆசிரியர். 1950 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதன் இயக்குநர். உலகம் முணுமுணுத்த அந்த மெட்டுகளையெல்லாம் போட்டவர், தேர்வு நடத்திக்கொண்டும் மாணவர் சேர்க்கையைக் கவனித்துக்கொண்டும் இருந்தவர். அங்கே அவர் கண்ணில் பட்ட இளைஞர்களில் ஒருவர் ரிக்கார்தோ மூத்தி. இன்று உலகின் பெரிய இசைக்குழு நடத்துநர்களில் ஒருவர். ரோட்டாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தப் பாரி வாழ்க்கைதான்.

1952-இல் ஃபெடரிகோ ஃபெலினியின் 'வெள்ளை ஷேக்' படத்துக்கு இசையமைத்தார். அதிலிருந்து சாகும்வரை அந்த இயக்குநரைப் பிரியவில்லை. ரோட்டா பியானோவில் உட்காருவார், ஃபெலினி பக்கத்தில் இருந்து காட்சியைச் சொல்லுவார், விரல்கள் மெட்டைத் தேடிப் பிடிக்கும்.

1954-இல் வந்த 'லா ஸ்திராதா'வைக் கேளுங்கள். ஜெல்சொமினா என்ற அப்பாவிப் பெண்ணுக்கு ட்ரம்பெட்டில் வாசிக்க ஒரே ஒரு சின்ன மெட்டு உண்டு. அவளைக் கொடுமைப்படுத்திக் கைவிட்டுப் போகிறான் சம்பானோ. சில வருடம் கழித்து, துணி காயப்போடும் ஒரு பெண் அதே மெட்டை முணுமுணுப்பது அவன் காதில் விழுகிறது. விசாரிக்கிறான். ஜெல்சொமினா இறந்துபோன செய்தி அப்படித்தான் அவனுக்குத் தெரியவருகிறது. பின்னணி இசை என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். இந்தப் படத்தில் மெட்டு பின்னணியில் இல்லை. கதையே அதன்மேல்தான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் முடிவே கிடையாது.

'எட்டரை' படத்தின் கடைசியில் வரும் சர்க்கஸ் அணிவகுப்பு இசை வேறு மாதிரி. துள்ளிக்கொண்டே போகும், அடியில் ஒரு துக்கம் ஓடும். சிரிப்பையும் அழுகையையும் ஒரே மெட்டுக்குள் வைக்கிற இந்த வித்தை அவருக்குக் கைவந்தது போல வேறு யாருக்கும் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இயக்குநர் லுக்கினோ விஸ்கோந்தியின் 'சிறுத்தை' படத்துக்குத் தான் முன்பே எழுதி வைத்திருந்த ஒரு சிம்பனியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'லா ஸ்திராதா' இசை பின்னால் பாலே என்னும் மேடை நடனம் ஆகி, 1966-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ஆடப்பட்டது. மேடைக்கு எழுதியது படத்துக்குப் போகும், படத்துக்கு எழுதியது மேடைக்கு வரும். இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று பிரிக்க அவர் மனம் ஒப்பவில்லை.

அந்த இயல்புதான் அவருக்கு வினையாக வந்தது. 1972-இன் 'காட்ஃபாதர்' இசை ஆஸ்கர் பரிந்துரையில் இடம்பெற்றது. பிறகு, காதல் மெட்டு 1958-இல் 'ஃபோர்ச்சுனெல்லா' என்ற படத்துக்கு அவரே போட்டது என்று தெரியவந்ததும் பரிந்துரையை விலக்கிக்கொண்டார்கள். சுரங்கள் அவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய படத்தில் அது வேகமாக, வேடிக்கையாகக் குதித்துப் போகும். ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கிய 'காட்ஃபாதர்' படத்தில் மாண்டலினோடு மெதுவாக வரும்போது சிசிலியின் வெயிலும் வரப்போகும் மரணமும் சேர்ந்து கேட்கின்றன. தாளத்தை மாற்றி, வாத்தியத்தை மாற்றி, ஒரு மெட்டுக்குள் ஒளிந்திருந்த இன்னொரு மெட்டை வெளியே கொண்டுவருவது படைப்பு இல்லையென்றால் வேறு எது படைப்பு? அந்த முடிவு அநியாயம் என்றே இன்றும் சொல்லுவேன். இரண்டாம் பாகத்துக்கு, இயக்குநரின் தந்தை கார்மைன் கொப்போலாவோடு சேர்த்து, 1975-இல் ஆஸ்கர் கொடுத்தார்கள்.

பாடியே நடிக்கும் இசை நாடகமான ஓப்பராவும் எழுதினார். 'ஃபுளோரன்ஸ் வைக்கோல் தொப்பி' என்ற நகைச்சுவை ஓப்பராவுக்குத் தாயார் எர்னெஸ்தாவும் அவரும் சேர்ந்து பாடல் வரிகள் எழுதினார்கள். 1955-இல் பலெர்மோவில் அரங்கேறியது.

ஃபெலினியோடு கடைசியாகச் செய்த படம் ஒரு வாத்தியக்குழுவின் ஒத்திகையைப் பற்றியது. அதன்பின் சில மாதங்களில், 1979 ஏப்ரல் 10 அன்று, ரோமில் காலமானார். 150-க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசை தந்திருந்தார்.

அவரைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 'காட்ஃபாதர்' இசையோடு நின்றுவிட வேண்டாம். ரிக்கார்தோ மூத்தி, லா ஸ்காலா இசைக்குழுவை நடத்தி ஒலிப்பதிவு செய்த 'லா ஸ்திராதா' பாலே இசையைத் தேடிக் கேளுங்கள். அதே இசைத்தட்டில் தந்தி வாத்தியங்களுக்கான கான்செர்ட்டோ என்ற அரங்க இசைப் படைப்பும் இருக்கிறது. அதை எந்தப் படத்துக்காகவும் எழுதவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வணக்கம்.