உழைக்காத பிள்ளை அந்த வகுப்பில் இல்லை

நடுவர் அவர்களே, தருமபுரிப் பெருமக்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவ மாணவரின் தேர்ச்சியைத் தீர்மானிப்பது தனி முயற்சியா, சூழலா என்பது தலைப்பு. சூழலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "ஒரே வகுப்பு, ஒரே பேராசிரியர், ஒரே புத்தகம். ஒருவன் டிஸ்டிங்ஷன் வாங்குகிறான், இன்னொருவன் அரியர் வைக்கிறான். முயற்சிதானே வித்தியாசம்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

முயற்சி இல்லாத பிள்ளை அந்த வகுப்புக்குள் வந்திருக்க முடியுமா? பிளஸ் டூ, நீட் இரண்டையும் தாண்டி வந்தவர்கள் அத்தனை பேரும். உழைக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருவர் முந்துவதற்கும் ஒருவர் பின்தங்குவதற்கும் உழைப்பையே காரணம் சொன்னால் கணக்கு இடிக்கிறது, நடுவர் அவர்களே.

அஞ்செட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்த ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். அனாட்டமி வைவா, அதாவது உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. கையில் காறை எலும்பைக் கொடுக்கிறார்கள். திருப்பிப் பார்த்ததுமே அது வலப்பக்கத்து எலும்பு என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எந்தத் தசை எந்த இடத்தில் ஒட்டும் என்பதும் தெரியும். முந்தின ராத்திரி முழுக்க அதே எலும்பைப் புரட்டிப் புரட்டிப் படித்தவள்தானே! ஆனால் அதை ஆங்கிலத்தில் கோவையாகச் சொல்ல நாக்கு எழவில்லை. 'நெக்ஸ்ட்' என்று சொல்லிவிடுகிறார் தேர்வாளர். அடுத்து நிற்பவனுக்கு அப்பா அம்மா இருவரும் டாக்டர்கள். இந்தச் சொற்களெல்லாம் சோறு உண்ணும்போதே காதில் விழுந்து வளர்ந்தவன். அவனுக்கும் உழைப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குக் குறைந்த மதிப்பெண் எந்த உழைப்பின் குறை?

இது நான் கண்டுபிடித்த குறை இல்லை. 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமே, தொடக்கத்தில் ஓர் அறிமுகப் பயிற்சியை வைத்து, மொழித்திறனையும் கணினித்திறனையும் அதில் சேர்த்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? முதலாண்டுத் தேர்வை நான்கு வாய்ப்புக்குள் முடிக்காவிட்டால் படிப்பையே தொடர முடியாது என்பது விதி. உதவி கிடைப்பதென்றால் அந்த முதல் ஆண்டிலேயே கிடைத்தாக வேண்டும்.

அப்புறம், விடிய விடியப் படிப்பதைச் சகோதரி பெருமையாகச் சொன்னார். படித்தது நினைவில் நிலைக்கத் தூக்கம் வேண்டும். சும்மா வாசித்துக்கொண்டே போவதைவிட, புத்தகத்தை மூடிவைத்துத் தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது மனதில் நன்றாக நிற்கும். முதல் மாதத்திலேயே "பழைய கேள்வித்தாளை எடு, பார்க்காமல் எழுதிப் பார், அப்புறம் போய்த் தூங்கு" என்று அதட்டிச் சொல்ல ஒரு சீனியர் வாய்த்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சீனியர் யாருடைய அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார் என்பதில் முயற்சிக்கு என்ன வேலை?

நம் ஊர் விஷயத்துக்கே வருகிறேன். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008இல். கிருஷ்ணகிரியில் 2022இல். 2020இல்தான் மருத்துவப் படிப்பு இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அரசுப் பள்ளியிலிருந்து நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டே நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. ஒரே வருடத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் உழைப்பு அத்தனை மடங்கு பெருகிவிட்டதா? உழைப்பு முன்பும் இருந்தது. வழிதான் இல்லை.

உள்ளே வந்துவிட்ட பிள்ளைக்கு வைவாவில் பேசிப் பழக ஆண்டு முழுக்க ஒரு வகுப்பு கொடுங்கள். கல்லூரிக்குள்ளேயே வைக்கிற இன்டர்னல் தேர்வில் தவறினால் திட்டாமல், எங்கே தடுக்கியது என்று கூட உட்கார்ந்து பார்க்க ஓர் ஆசிரியரைக் கொடுங்கள். தூங்க விடுகிற விடுதி அறையைக் கொடுங்கள். இவ்வளவும் கொடுத்த பிறகும் ஒரு பிள்ளை தோற்றால், அப்போது முயற்சி போதவில்லை என்று சொல்லுங்கள் சகோதரி, நானே எழுந்து உங்கள் அணியில் வந்து உட்காருகிறேன்.

நன்றி, வணக்கம்.