இன்னொரு பிரதி எங்கே?

(நூலக வார விழாவுக்காகக் கோத்தகிரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் அப்பா, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டிப் பக்கமிருந்து இந்த மலைக்கு வந்தவர். ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அதற்குள் அங்கே அவர்கள் தோட்டத்து இளைஞர்கள் அச்சடித்த பொங்கல் மலர் ஒன்று இருந்தது. அதில் அப்பா எழுதிய பாட்டும் உண்டு. நம் ஊர் ஓதம் உங்களுக்குத் தெரியாததா? பல வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தால், தாளோடு தாள் ஒட்டிப் பூசணம் பிடித்துக் கிடந்தது. பாட்டின் முதல் வரி மட்டும் அம்மாவுக்கு நினைவிருந்தது. இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்குமா என்று நாங்கள் தேடாத இடமில்லை.

தேசிய நூலகம் என்றதும் எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணில் வரும். கொல்கத்தாவில், பெல்வெடியர் மாளிகை வளாகத்தில் இருக்கிறது நம் தேசிய நூலகம். தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. 1954-இல் வந்த சட்டம் ஒன்று, இந்தியாவில் புத்தகம் வெளியிடுகிற எவரும் 30 நாளுக்குள் அங்கே ஒரு பிரதி தம் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது. சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொன்று. கொல்கத்தாவுக்குப் போகிற பிரதி நல்ல தாளில், தைத்துக் கட்டி, படமோ வரைபடமோ விடுபடாமல் இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

ஏன் நாலு ஊர்? 1981-இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறிடத்தில் பிரதி இருந்தவற்றை மறுபடி வாங்கி அடுக்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகள் போனது போனதுதான்.

சரி, நாம் என்ன அனுப்பியிருக்கிறோம்? படுகர் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் அச்சடிக்கிறோம். படுகரின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு மலர் போடுகிறோம். தாயகம் திரும்பியோர் தங்கள் கதையைச் சிறு நூலாக்குகிறார்கள். இருநூறு பிரதி அடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்ததோடு சரி. அப்புறம் அவையும் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விடுகின்றன.

வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், பழையதானாலும் எடுத்து வாருங்கள். அடுத்த ஞாயிறு இதே அறையில் நான் உட்கார்ந்திருப்பேன். நாலு பார்சல் கட்டுவோம். தபால் செலவு என்னுடையது.