பன்றி வளையில் உண்ணி தேடிய விஞ்ஞானி: பாட்டவயல் வரை வந்த காய்ச்சலின் கதை

[காட்சி: பாட்டவயல் சோதனைச் சாவடி, காலை மூடுபனி]

வணக்கம் மக்களே! ஒரு பன்றி செத்துக் கிடக்கிறது. அதைக் கொன்ற காய்ச்சல் நமக்கு வராது. ஆனால் அந்தக் கையோடும் செருப்போடும் தொழுவத்துக்குள் போனால், வளர்க்கிற பன்றிகள் அத்தனையும் போய்விடலாம். இதுதான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். குணப்படுத்த மருந்து கிடையாது.

நான் நிற்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் நீலகிரி, அந்தப் பக்கம் வயநாடு. 2022 ஜூலையில் மானந்தவாடிப் பக்கம் பண்ணைப் பன்றிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளைக் கொன்று புதைக்க வேண்டும் என்பது விதி. என் மாமாவின் பன்றிகளும் அதில் போயின. குட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றும் அலுமினியக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவர் ஜேசிபி தோண்டிய குழிப் பக்கம் வந்தார். அப்புறம் 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. அதே காய்ச்சல். மாமா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “இத்தனை நாளா இது எங்கடா ஒளிஞ்சிருந்துச்சு?”

இதே கேள்விக்கு ஆப்பிரிக்காவில் ஒருவர் உண்ணிகளிடம் விடை தேடினார். வால்டர் பிளவ்ரைட், 1923இல் இங்கிலாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு நோய்: மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்). கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் கன்றின் சிறுநீரகச் செல்களில் அந்த வைரஸைத் திரும்பத் திரும்ப, சுமார் 90 முறை வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். ஒரே ஊசி, மாட்டுக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. மனிதன் பூமியிலிருந்தே ஒழித்த நோய்கள் இரண்டுதான்: பெரியம்மை, வெக்கை. வெக்கை ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அவர் இறந்தது 2010இல். ஒரு வருடம் இருந்து அதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சரி, இப்போது உண்ணிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[காட்சி: உள்ளங்கையில் ஆமணக்கு விதை]

மாட்டு உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் குடித்து உப்பி, அச்சு அசல் இந்த ஆமணக்கு விதை மாதிரி நாள்கணக்கில் தொங்கும். பிளவ்ரைட் தேடியது வேறு சாதி, மென்மையான தோல் கொண்ட உண்ணி. இரவில் வரும், ஒரு மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிட்டு மண் இடுக்குக்குள் போய்விடும். பட்டினியாகவே ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆப்பிரிக்காவில் வார்ட்ஹாக் என்றொரு காட்டுப்பன்றி உண்டு. ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிய வளையில் இது போய்த் தங்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதைதான். இந்தக் காய்ச்சலின் வைரஸ் வார்ட்ஹாக்கின் உடம்பில் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு தும்மல்கூட வராது. வளர்ந்த வார்ட்ஹாக்கின் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவு, பக்கத்தில் நிற்கும் நாட்டுப்பன்றிக்கு அது ஒட்டாது. பிறகு எப்படிப் பரவுகிறது? ஸ்பெயினில் பன்றிக் கொட்டகை இடுக்கில் இருந்த உண்ணிகளில் இந்த வைரஸ் இருப்பதை 1963இலேயே கண்டிருந்தார்கள். பிளவ்ரைட் குழு தான்சானியாவில் வார்ட்ஹாக் வளைகளிலிருந்தே உண்ணிகளை எடுத்துச் சோதித்தது. வைரஸ் உள்ளே இருந்தது! 1969இல் அதை வெளியிட்டார்கள்.

வளையில் பிறந்த குட்டியை உண்ணி கடிக்கிறது. சில வாரங்களுக்குக் குட்டியின் ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும், அப்போது கடிக்கிற மற்ற உண்ணிகளுக்கும் அது ஏறும். தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குப் போகிறது, ஆண் உண்ணியிடமிருந்து பெண்ணுக்கும் போகிறது. பன்றியே வராவிட்டாலும் அந்த வளை நோயைப் பத்திரமாக வைத்திருக்கும். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவர் துப்புத் துலக்கியது இது மட்டுமல்ல. வில்டபீஸ்ட் என்ற ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு கன்று ஈனும் காலத்தில், மாடு மேய்க்கும் மசாய் மக்கள் தங்கள் மாடுகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள்; அதனிடமிருந்து மாடுகளுக்கு ஒரு கொடிய காய்ச்சல் தொற்றும். அந்தக் காய்ச்சலின் வைரஸையும் 1960இல் வில்டபீஸ்டிடம் கண்டுபிடித்தது இவர் குழுதான்.

நம் ஊர் மாட்டு உண்ணியைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், அது வேறு இனம். கூடலூர், பந்தலூர், பத்தேரிப் பக்கம் பன்றி வளர்ப்பவர்களே, ஓட்டல் எச்சில் சாப்பாட்டை நன்றாகக் கொதிக்க வைக்காமல் ஊற்றாதீர்கள். தொழுவத்துக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். காட்டோரம் பன்றி செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாமா இந்த வருடம் மறுபடி நான்கு குட்டிகள் வாங்கியிருக்கிறார். வாசலில் சுண்ணாம்பு தூவி, ஒரு ஜோடி நீலச் செருப்பு வைத்திருக்கிறார். என்னைக்கூட அதைப் போடாமல் உள்ளே விடவில்லை.