ஏழு ஏழாக யார் கழிப்பார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் முப்பது வருஷம் ஈ.ஈ.ஜி. எடுத்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். தலையில் கம்பிகளை ஒட்டிப் பதிவு எடுப்பதுதான் என் வேலை.

வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கரண்ட் வைப்பீங்களா?" என்றுதான். வைக்க மாட்டோம். மூளை தானாக உண்டாக்கும் மின்சாரத்தைக் காது கொடுத்துக் கேட்கிறோம், அவ்வளவே. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் சில பத்துப் பங்குதான் தலைத்தோலுக்கு வந்து சேரும். 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிவு செய்தார்.

அவ்வளவு சின்ன ஓசை என்பதால்தான் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறோம். எண்ணெய் இருந்தால் பசை ஒட்டாது. நம்ம ஊர் வெயில் வேறு. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி நின்றால் போச்சு, வியர்வையே பதிவில் மெதுவான அலையாக வந்து உட்காரும். விஷயம் தெரியாதவர் அதை மூளையின் அலை என்று நினைத்துவிடுவார்.

மெதுவான அலை என்றேன். இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான். கண்ணை மூடிச் சும்மா படுத்தால், பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஓர் அலை ஓடும். ஆல்ஃபா என்பார்கள். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். குடியாத்தத்தில் தறி ஓடும் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், துணியைப் பார்க்க வேண்டாம், சத்தத்தை வைத்தே நெசவு தொய்கிறது என்று சொல்லிவிடலாம். அதே மாதிரிதான் இதுவும். அல்சைமர் என்ற மறதி நோயில் ஆல்ஃபா தளர்ந்து, அதைவிட மெதுவான அலைகள் கூடும்.

சரி, கேள்வி கேட்டே மறதியைக் கண்டுபிடிக்கலாமே, கம்பி எதற்கு? இங்கே ஓர் ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேரணாம்பட்டுப் பக்கம், பீடி சுற்றுகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. நினைவாற்றல் சோதனையில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஆயா முழித்தார். மார்க் போச்சு. அப்புறம் என்னிடம் வந்தார். வாயில் வெற்றிலை, மென்றால் தாடைத் தசை பதிவையே கெடுத்துவிடும், துப்பிவிட்டு வரச் சொன்னேன். கம்பி ஒட்டும்போது சொன்னார்: "இன்னா நைனா, ஏழு ஏழா எவன் கழிப்பான்? இருபத்தஞ்சு இருபத்தஞ்சா கேக்கச் சொல்லு." பீடிக் கட்டு ஒன்றுக்கு 25. ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்றேன். நான் வாய் மூடுவதற்குள், "நாப்பது". சொல்லும்போது விரல் மடியிலே தானாகச் சுருட்டிக்கொண்டிருந்தது, இலையும் இல்லை, தூளும் இல்லை. கண்ணை மூடியபோதெல்லாம் பதிவில் ஆல்ஃபா நொடிக்கு ஒன்பது, சீராக.

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன்: கேள்வித்தாள் படிப்பையும் சேர்த்து அளக்கிறது. அலை பள்ளிக்கூடம் கேட்பதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் ஆல்ஃபா உண்டு. முதியோர் மறதி பற்றிப் பல நாடுகளில் நடந்த, 10/66 என்று பெயர் வைத்த ஆய்வில் நம் வேலூர்க் கிராமங்களும் இருந்தன. படிப்பில்லாதவரைச் சோதனை தப்பாக நோயாளி ஆக்கிவிடக் கூடாது என்பது அங்கேயும் பெரிய கவலை.

ஆனால் ஒன்று. இந்தப் பதிவை மட்டும் வைத்து மறதி நோய் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார். தூக்கக் கலக்கத்திலும் அலை தளரும். சில மாத்திரைகளும் அதை மாற்றும். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் மறதி வரும், அதையெல்லாம் சரிசெய்யலாம். ஆரம்பத்திலேயே, ஒவ்வோர் ஆளுக்கும் நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு இது இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. ஸ்கேனைவிட மலிவு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கே போகலாம். என் ஆசை அதில்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பி300 என்ற இன்னொரு அலையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஆயா நேரத்தைச் சாப்பிட்டுவிட்டார். சுருக்கமாக: காதில் ஒரே ஓசை டொக், டொக் என்று வரும், இடையில் அபூர்வமாக ஒரு டிங். அந்த டிங்கை மூளை கவனித்தால், அது ஒலித்துச் சுமார் 300 மில்லி நொடியில் பதிவில் ஒரு மேடு எழும். வயதானால் அது கொஞ்சம் தாமதமாகும், மறதி நோயில் இன்னும் தாமதமாகும். காது மந்தமானவருக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால்... சரி, விளக்கு எரிந்துவிட்டது. பரிசோதனைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். வணக்கம்.