முறுமுறுப்பைக் கேட்கிற காது

(கிளிநொச்சியில் திருச்சபைத் தலைவர்களும் மூப்பர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான குருக்களே, போதகர்களே, மூப்பர்மாரே, பின்வரிசையில் இருக்கிற அம்மாமாரே,

தாழ்மையைப் பற்றிப் பேசு என்றால் எல்லோரும் எடுக்கிற பகுதி யோவான் 13. இயேசு சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். பெரிய வியாழனில் நாங்களும் கழுவுகிறோம். அது நல்ல காரியம்தான். ஆனால் அது வருஷத்தில் ஒரு நாள், ஆயத்தம் செய்து நடக்கிறது. ஒரு தலைவரின் தாழ்மை தெரியவருவது, ஆயத்தம் இல்லாத நேரத்தில் ஒருவர் குறை சொல்லிக்கொண்டு வாசலுக்கு வரும்போது. அதனால் இன்றைக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்துக்குப் போவோம்.

எருசலேம் சபையில் அன்றாடம் பங்கீடு நடந்தது. கிரேக்க மொழி பேசினவர்களின் விதவைகள் அதில் ஒழுங்காகக் கவனிக்கப்படவில்லை. முறுமுறுப்பு எழுந்தது. இதற்கு முன் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: நிலத்தை விற்ற பணத்தைச் சனங்கள் அப்போஸ்தலரின் பாதத்தில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். ஆகவே இந்தக் குறை யாரைத் தொடுகிறது? பேதுருவை, யோவானை, இயேசுவோடு நடந்த அந்தப் பன்னிருவரைத்தான்.

வன்னியில் இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவையில்லை. போர் முடிந்தபோது மெனிக் பாம் அகதி முகாமில் தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்ற சனம் நாங்கள். ஊர் திரும்பின பிறகு தகரத்துக்கு ஒரு லிஸ்ட், வீட்டுத்திட்டத்துக்கு ஒரு லிஸ்ட், ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஒரு லிஸ்ட். பெயர் இல்லை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அதிலும் சில லிஸ்ட்டுகள் எங்கள் சபைகளின் மேசையில் எழுதப்பட்டவை.

கணவனைப் பறிகொடுத்த ஒரு தங்கச்சி மிஷன் வீட்டு வாசலுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, தூணோடு ஒதுங்கி நிற்கிறாள். உள்ளே கதிரை இருக்கிறது, இரு என்று யாரும் சொல்லவில்லை. ‘ஐயா, என்ரை பேரை விட்டிட்டினம்’ என்கிறாள். நாங்கள் என்ன சொல்கிறோம்? ‘செயலாளரிட்டைக் கேளுங்கோ.’ செயலாளர் ‘ஐயாவிட்டைக் கேளுங்கோ’ என்கிறார். இன்னொரு தரம் வந்தால், முறுமுறுப்பு பாவம் என்று ஒரு வசனம். அத்தோடு அவள் வரமாட்டாள். பிறகு வேறு சபைக்குப் போய்விட்டாள் என்று அவளையே குறை சொல்கிறோம். எனக்கு இதில் மிகுந்த மனவேதனை உண்டு.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? எங்களையே சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்கவில்லை. முறுமுறுத்தவர்களின் தலைவன் யார் என்று தேடவும் இல்லை. சபை முழுவதையும் கூப்பிட்டு, ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். தெரிவான பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் பக்கத்திலிருந்து குறை வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே பங்கீட்டுப் பொறுப்பு போகிறது. பன்னிருவரும் அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். கிறிஸ்தவத் தலைமையில் தாழ்மை என்று நான் நினைப்பது இதைத்தான். மைக்கில் ‘நான் ஒன்றுமில்லை, எல்லாம் ஆண்டவர்’ என்று சொல்வது லேசு. பண்டகசாலைத் திறப்பைக் கையிலிருந்து கழற்றிக் கொடுப்பது லேசில்லை.

இன்னொன்று. குறை காதில் விழ வேண்டுமென்றால் கிட்ட இருக்க வேண்டும். அருட்தந்தை சரத்ஜீவனை இங்கே பலருக்குத் தெரியும். அவர் போரின் கடைசிவரை வன்னியில் சனத்தோடு நின்றார். 2009 மே 18 அன்று, எல்லாம் முடிந்த அந்த நாளில், மாரடைப்பால் இறந்தார். அந்தக் கடைசி நாட்களில் சனம் அவரைத் தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

சரி, தாழ்மை என்றால் பெரியவர்களுக்கு முன்னால் வாய் திறக்காமல் இருப்பதா? மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையைப் பாருங்கள். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். முதல் எண் கச்சேரிகளின், அதாவது அரசின் மாவட்டச் செயலகங்களின், கணக்கு. அவர் தன்னைப் பற்றிப் பேச அங்கே போகவில்லை. வாசலில் நின்று அழுத தாய்மாரின் கேள்வியைத் தன் வாயால் கேட்டார். அதற்காக அவரைத் திட்டினவர்கள் உண்டு, மிரட்டினவர்களும் உண்டு. கீழே இருப்பவரின் குரலைக் கேட்கிறவருக்குத்தான் மேலே இருப்பவரிடம் அதைப் பயமில்லாமல் சொல்ல வருகிறது.

எனவே உங்களிடம் மன்றாட்டாகக் கேட்கிறேன். அடுத்த உதவி வரும்போது லிஸ்ட்டை முதலில் ஆலயக் கதவில் ஒட்டுங்கள், பிறகு அனுப்புங்கள். பெயர் விடுபட்டவர்கள் வந்து சொல்ல ஒரு கிழமை கொடுங்கள். அந்தக் குறைகளைக் கேட்கிற குழுவில் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள் பாதிப்பேராவது இருக்கட்டும். போதகரின் உறவினர் ஒருவரும் அதில் வேண்டாம். வருஷாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது கேள்விக்கு நேரம் விடுங்கள். கேள்வி கேட்டவரை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் குத்திக்காட்டாதீர்கள்.

இப்போது கேள்வி நேரம். முன்வரிசையில் இருக்கிற குருமாரும் போதகர்மாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி, மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோய் அம்மாமாரிடம் முதலில் கொடு.